பைப் மாஸ்டர் பதில்கள்

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் நீண்ட காலம், பையில் காற்றை அடைத்து வாசிக்கிற பாக்பைப் பழகி, தனிவாசிப்புப் போட்டிகளில் கலந்துகொண்டு, பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டு இப்போது முள்ளியவளைக்குத் திரும்பியிருப்பவரைப் பற்றிப் போன இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் பார்த்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை அப்படியே அவரிடம் கொடுத்தோம். பதில்கள் அவருடைய பேனாவில் இருந்து.

நாயனமும் தவிலும் கேட்டு வளர்ந்த மண்ணில் பிறந்தவர், வெள்ளைக்காரனின் பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டது ஏன்? நாயனம் பழக ஊரில் ஆள் இல்லையா?
– ஓய்வுபெற்ற அதிபர், மாங்குளம்

கோபம் விளங்குகிறது ஐயா. என் தாய்மாமன் நாயனக்காரர். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் திருவிழாவுக்கும் அவரோடு போய் நான் ஒத்து ஊதியிருக்கிறேன். விரலுக்கு வேலை இல்லை, ராகம் இல்லை. மூச்சு அறாமல் ஆதார ஷட்ஜம் ஒன்றுதான். கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு மூக்கால் மூச்செடுக்கும் வித்தையை மட்டும் மாமா பழக்கினார். நாயனத்தைக் கையில் தருவதற்கு முதல் 1986இல் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன். கொஞ்சக் காலத்தில் சுருதிப் பெட்டி வந்து ஊரில் ஒத்துக்காரருக்கும் வேலை இல்லாமல் போனது.

கிளாஸ்கோவில் எல்லோரையும் போல ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். வேலைக்குப் போகும் வழியில் ஒட்டாகோ வீதி. அங்கே 1944இல் தொடங்கிய பைப் கல்லூரி இருந்தது. சன்னலுக்குக் கீழே நடந்து போகிறபோது என் காதில் விழுந்தது பாட்டு இல்லை, சுருதி. மாமாவுக்குப் பக்கத்தில் நின்று நான் செய்த வேலையை ஒரு மனிதனின் தோளில் மூன்று குழல்கள் செய்துகொண்டிருந்தன. பின்னேர வகுப்பில் சேர்ந்தேன். ஒத்துக்காரன் வேலை தேடிப் போன கதை இது, நாயனத்தைக் கைவிட்ட கதை இல்லை.

பாக்பைப் என்றால் பாண்ட் வாத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். தனியாக நின்று வாசிக்கிற போட்டியும் இருக்கிறதா? எப்படி நடக்கும்?
– உயர்தர வகுப்பு மாணவி, ஒட்டுசுட்டான்

பாண்ட் வேறு, தனிவாசிப்பு வேறு தங்கச்சி. இரண்டிலும் நல்ல பெயர் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் தனிவாசிப்புக்காரரின் உலகம் மிகவும் சின்னது. மண்டபத்தில் பாதிக் கதிரைகள் காலியாக இருக்கும். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் தாங்களும் வாசிக்கிறவர்கள்.

முதல் போட்டி 1781இல் ஃபோல்கர்க் என்ற இடத்து மாட்டுச் சந்தையை ஒட்டி நடந்தது. நடத்தியது லண்டன் ஹைலண்ட் சங்கம். இன்றைக்குப் பெரிய இடம் என்றால் இரண்டு. மேற்குக் கரையில் ஓபன் என்கிற துறைமுக ஊரில் ஆகஸ்ட் கடைசியில் ஒன்று, வடக்கே இன்வர்னஸில் செப்டெம்பர் தொடக்கத்தில் மற்றது. இரண்டு இடத்திலும் தங்கப் பதக்கம் உண்டு. பதக்கம் எடுத்தவர்கள் தங்களுக்குள் மோதுவதற்கு இன்வர்னஸில் 'கிளாஸ்ப்' என்று தனிப் போட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒக்டோபர் கடைசியில் பிளேயர் கோட்டையில் அழைப்புப் பெற்றவர்கள் மட்டும் வாசிப்பது. அது 1974இல் தொடங்கியது.

பதக்கம் 'பீப்ரொக்' என்கிற பேரிசைக்கு. அணிவகுப்பு மெட்டு, நடன மெட்டு எல்லாம் சின்ன இசைக் கணக்கில் சேரும், அவற்றுக்கு வேறு போட்டி. பீப்ரொக் ஒன்று பத்து நிமிடம் போகும், இருபதும் போகும். முதலில் மெட்டை ஆறுதலாக வாசிக்க வேண்டும். பிறகு அதே மெட்டின் எலும்பை வைத்துக்கொண்டு விரலடிகளைப் படிப்படியாகப் பெருக்க வேண்டும். தூர்லா, க்ரூன்லா என்று ஒவ்வொரு படிக்கும் பெயர் இருக்கிறது. உச்சிக்குப் போன பிறகு பழையபடி முதல் மெட்டுக்கே வந்து நிற்க வேண்டும். நம் வித்துவான்கள் பல்லவியை விரித்துக் காலம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து வைப்பதைக் கேட்ட காதுக்கு இது பிடிபடும்.

எந்த உருப்படிகள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். பீப்ரொக் சங்கம் என்று 1903இல் தொடங்கிய அமைப்பு ஒன்று அந்தப் பட்டியலைப் போடுகிறது. நீ அதில் சிலவற்றைத் தெரிந்து எழுதிக் கொடுப்பாய். மேடைக்கு வந்த பிறகுதான் நடுவர்கள், இதை வாசி என்று ஒன்றைச் சொல்லுவார்கள். ஆகவே எழுதிக் கொடுத்த எல்லாமே மனப்பாடமாக இருக்க வேண்டும். நடுவர்கள் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார்கள், உனக்குப் புத்தகம் கிடையாது. முதலில் எல்லோர் முன்னாலும் சுருதி சேர்க்க வேண்டும். பிறகு மெல்ல நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். இடையில் மறந்துபோனால் அவ்வளவுதான், மரியாதையாக இறங்கிவிட வேண்டும்.

நான் தங்கப் பதக்கம் எடுத்தேனா என்று அடுத்துக் கேட்பாய். இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் கிராமத்து விளையாட்டு விழாக்களில் மூன்றாம் இடம், நான்காம் இடம். பரிசுக் காசு பஸ்ஸுக்குக் காணாது. ஆனாலும் அடுத்த வருடமும் போவேன். ஏனென்றால் நான் வாசிக்கப்போகும் உருப்படியை என்னளவுக்கு, என்னை விடவும் கூடத் தெரிந்த மூன்று பேர் வாய் திறக்காமல் இருந்து கேட்கிற இடம் அது ஒன்றுதான். கல்யாண வீட்டில் வாசித்தால் கைதட்டு நிறையக் கிடைக்கும், அப்படிக் கேட்கிற காது கிடைக்காது.

பாக்பைப்பில் நம் ராகங்களை வாசிக்க முடியுமா?
– சங்கீத ஆசிரியை, கிளிநொச்சி

ஒன்பதே ஸ்வரம் ரீச்சர். மந்திர நிஷாதம் ஒன்று, அதற்கு மேலே ச ரி க ம ப த நி, பிறகு மேல் ஷட்ஜம். கீழேயும் போக முடியாது, மேலேயும் போக முடியாது. ஸ்வரஸ்தானங்களைப் பார்த்தால் அச்சு அசலாக ஹரிகாம்போதி. சுருதி ஆறரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மோகனமும் சுத்த சாவேரியும் தாராளமாக வரும். தோடியைக் கேட்டு என்னைக் கொல்லாதீர்கள்.

கமகம்தான் வில்லங்கம். நாயனத்தில் சீவாளி உதட்டுக்குள் இருக்கிறது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஸ்வரத்தை அசைக்கலாம், மெல்லவும் ஊதலாம். பைப்பிலும் சீவாளி போல இரட்டை நாக்கு உண்டு, ஆனால் அது குழலுக்குள் ஒளிந்திருக்கிறது, உதடு அதைத் தொடுவதே இல்லை. பையில் இருந்து வருகிற காற்று ஒரே அழுத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. ஒரு கணம் நிறுத்தவும் வழியில்லை. அப்படியானால் ஒரே ஸ்வரத்தை இரண்டு தரம் எப்படி வாசிப்பது? நடுவில் வேறொரு ஸ்வரத்தைக் கண் இமைக்கிற நேரத்துக்குத் தொட்டு வெட்ட வேண்டும். அந்த வெட்டுகளில் இருந்துதான் அவர்களுடைய அலங்காரம் முழுவதும் பிறக்கிறது. ஒரு க்ரூன்லாவுக்குள் எத்தனை வெட்டு என்று கேட்டு எண்ணப் பழகவே எனக்கு நெடுநாள் எடுத்தது.

இன்னொன்று. தோற்பையில் காற்றை அடைத்துச் சுருதி பிடிப்பது நமக்குப் புதிது இல்லை. தென்னிந்தியாவில் சின்னமேளத்துக்குத் 'துத்தி' என்று ஒன்றை ஊதியிருக்கிறார்கள். பழைய படங்களில் ஆட்டக்காரிக்குப் பின்னால் ஒருவர் பையை அணைத்தபடி நிற்பார், பாருங்கள்.

ஸ்வரம் எழுதிப் படிக்கிற வழக்கம் வருவதற்கு முதல் அவர்கள் எப்படிப் பழகினார்கள்? நாங்கள் தவிலுக்குச் சொல் சொல்லிப் பழகுவது போல ஏதும் உண்டா?
– தவில் கலைஞர், முள்ளியவளை

உண்டு தம்பி. இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் கன்டரக் என்று பெயர். ஸ்வரத்துக்கு ஓர் உயிரெழுத்து, வெட்டுக்கு ஒரு மெய்யெழுத்து, இரண்டும் சேர்ந்தால் ஒரு சொல். ஹிஹாரின், ஹொடின், ஹியோடின் என்று போகும். 1797இல் கொலின் கம்பெல் என்பவர் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதியில் ஐந்து கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. முழு உருப்படிகளும் சொற்கட்டாகவே இருக்கின்றன. ஸ்கை தீவில் மக்கிரிமன் என்று ஒரு பரம்பரை. மக்லியொட் குலத் தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பைப் வாசித்த குடும்பம். தூர இடங்களில் இருந்தெல்லாம் பிள்ளைகளை அங்கே அனுப்பிக் குருகுலமாகப் பழக்கியிருக்கிறார்கள். பாடம் எல்லாம் வாய்ப்பாடம்.

எங்கள் காலத்துக்குக் கிட்டிய உதாரணம் சொல்கிறேன். இன்வர்னஸ் ஜோன் மக்டொனால்ட், 1865இல் பிறந்து 1953இல் மறைந்தவர். அவரிடம் பழகிய இருவர் ரொபர்ட் பிரவுண், ரொபர்ட் நிக்கோல். இரண்டு பேரும் பல்மோரல் அரச தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இரண்டு பேருக்கும் ரொபர்ட் என்று பெயர், சுருக்கிக் கூப்பிட்டால் பொப் என்பதால் 'பல்மோரல் பொப்மார்' என்று சொல்லுவார்கள். பதக்கம் எடுத்த எத்தனையோ பேர் அவர்களிடம் போய்ப் பாட்டுக் கேட்டு வந்தவர்கள். கவனி, வாசிப்புக் கேட்டு இல்லை, பாட்டுக் கேட்டு.

என் மாஸ்டரும் அப்படித்தான். வகுப்பில் பைப் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, புத்தகத்தை மூடி வைத்து அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் பாடுவார். நான் திருப்பிப் பாட வேண்டும். புத்தகத்தில் இரண்டு ஸ்வரமும் ஒரே நீளமாகத்தான் எழுதியிருக்கும். அவர் ஒன்றில் நின்று, மற்றதை விட்டுக் கடந்து போவார். எவ்வளவு நிற்பது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் தனியை ஒலிநாடாவில் போட்டுப் போட்டுச் சொல்லிப் பார்த்த ஆட்களுக்கு நான் சொல்வது விளங்கும். அடியை எழுதலாம், அடிகளுக்கு நடுவில் இருக்கிறதை எழுத முடியாது. இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளும் முதலில் பாடத்தான் வேண்டும். வெட்கப்படுகிற பிள்ளைக்குக் கொஞ்சம் காலம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, வயலின் பழகுகிறாள். போட்டியில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. நடுவர் சரியில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இனிப் போட்டிக்கே போகமாட்டேன் என்று அழுகிறாள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், நெடுங்கேணி

முதல் வேலை, நடுவர் சரியில்லை என்ற கதையைப் பிள்ளைக்கு முன்னால் கதைக்காமல் விடுங்கள். சரியில்லாமலும் இருந்திருக்கலாம், அது வேறு. ஒரே ஆள் ஒரே உருப்படியை இந்தக் கிழமை ஓர் ஊரில் வாசித்து முதலாம் இடம் எடுத்துவிட்டு, அடுத்த கிழமை பக்கத்து ஊரில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். போட்டி என்றால் அப்படித்தான்.

இரண்டாவது, அடுத்த போட்டிக்கு அதே உருப்படியையே வாசிக்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் தோற்ற பாட்டைத் தீட்டு மாதிரி ஒதுக்கிவிடுவார்கள். பீப்ரொக்காரர்கள் ஒன்றையே வருடக்கணக்கில் கொண்டு திரிவார்கள்.

இந்த இடத்தில் நம்முடைய போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்தில் சிறுவர் போட்டிகளில் நடுவர் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. 'மூன்றாம் பாகத்தில் சுருதி இறங்கியது, கையை இறுக்கிப் பிடிக்கிறாய்' என்று இரண்டு வரி. அந்தத் துண்டுக்காகவே பிள்ளைகள் வரும். இங்கே மூன்று நிமிடத்தில் மணி அடிக்கிறோம், புள்ளியைக் கூட்டுகிறோம், பெயரை வாசிக்கிறோம், பிள்ளை ஒன்றும் விளங்காமல் வீட்டுக்குப் போகிறது. மூன்று நிமிடம் என்றால் ஆசிரியரும் வேகமான உருப்படியைத்தான் பார்த்துக் கொடுப்பார். பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளம்ப காலம் வராது என்று நாமே குறை சொல்லுவோம்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். நான் சொன்ன அந்தப் பெரிய போட்டிகளில் 1970களின் நடுப்பகுதி வரைக்கும் பெண்களை மேடையிலேயே ஏற்றவில்லை. ஓபனில் தங்கப் பதக்கத்தை முதன்முதலில் ஒரு பெண் எடுத்தது 2010இல். பெயர் ஃபே ஹென்டர்சன்.

எங்களுக்கு இந்தச் சத்தம் என்றால் ஆமிக்காரரின் அணிவகுப்புத்தான் நினைவுக்கு வரும். டிவியில் வந்தாலே நிறுத்திவிடுவேன். இதை எப்படி ஐயா ரசிப்பது?
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

ரசிக்கச் சொல்லி உங்களை நான் கேட்கமாட்டேன். பைப்பை உலகம் எல்லாம் கொண்டு போனது பிரித்தானியப் பட்டாளம் என்பது உண்மை. பைப் மாஸ்டர்மாரில் பெரிய பெயர் எடுத்த பலர் பட்டாளத்தில் இருந்தவர்கள். லூயிஸ் தீவின் டொனால்ட் மக்லியொட் 1940இல் பிரான்ஸில் ஜேர்மன் படையிடம் பிடிபட்டுத் தப்பி வந்தவர். பிறகு வாழ்நாள் முழுக்க மெட்டமைத்தும் பழக்கியும் கழித்தார்.

ஆனால் பேரிசையில் பெரும்பங்கு இறந்தவர்களுக்கு அழுகிற பாட்டு. 'பிள்ளைகளுக்கான புலம்பல்' என்று ஒன்று இருக்கிறது. பட்ரிக் மோர் மக்கிரிமன் செய்தது என்பார்கள். எட்டு ஆண் பிள்ளைகளில் ஏழு பேரை ஒரே வருடத்துக்குள் நோய்க்குக் கொடுத்த தகப்பன் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஊருக்கு வந்த புதிதில் ஒரு பின்னேரம் விறாந்தையில் நின்று அதை வாசித்தேன். பக்கத்து வளவு ஆச்சி படலையடிக்கு வந்து, "ஆற்ற வீட்டிலை தம்பி செத்தவீடு?" என்று கேட்டா. சொன்னேன். வந்து குந்தில் இருந்து முடியும் வரைக்கும் கேட்டுவிட்டு, "உது எங்கட ஒப்பாரிதானே, ஏன் இவ்வளவு மெதுவா இழுக்கிறாய்?" என்றா. பீப்ரொக் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதற்கு முதலிடம் கொடுப்பேன்.

உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நிறுத்துங்கள். அதில் தப்பே இல்லை.

அக்கம்பக்கத்தார் ஒன்றும் சொல்வதில்லையா?
– விசுவமடு வாசகர்

நாய்கள்தான் சொல்லும். பைப்பின் சத்தம் கிட்ட நின்றால் 100 டெசிபலைத் தாண்டும். அதனால் அடைத்த அறைக்குள் வாசிக்கக் கூடாது, காதுக்கு அடைப்பான் போட வேண்டும். நான் விடிய வெள்ளன குளக்கட்டுக்குப் போய்விடுவேன். மீன்பிடிக்க வருகிறவர்கள் பழகிவிட்டார்கள்.

யூடியூப் பார்த்துத் தனியே பழக முடியுமா? சாமான் எங்கே வாங்கலாம்? எங்கள் வெக்கைக்கு அது தாங்குமா?
– இளைஞர், வவுனியா

முதலில் பைப் வாங்காதே தம்பி. 'பிராக்டிஸ் சான்டர்' என்று பை இல்லாத ஒரு சின்னக் குழல் இருக்கிறது, சத்தமும் குறைவு. ஒரு வருடத்துக்கு அதுதான். பிளாஸ்டிக்கில் வருவது போதும், வெக்கைக்கும் வெடிக்காது. விரலின் நுனியால் மூடாதே, நடுச்சதையால் மூடு. பாகிஸ்தானின் சியால்கோட்டில் மலிவாக நிறையச் செய்து அனுப்புகிறார்கள். பாண்டுக்கு உதவுகிறவையும் உண்டு, எந்தச் சாமி வந்தாலும் சுருதி சேராதவையும் உண்டு. தெரிந்த ஆள் ஊதிப் பார்க்காமல் வாங்காதே.

விரலை யூடியூப் பார்த்துப் பழகலாம். காதையும் கையையும் பழக்க ஆள் வேண்டும். பைப்பில் மூன்று சுருதிக்குழல்: இரண்டு சின்னது, ஒன்று பெரியது. சின்னது இரண்டும் கீழ் ஷட்ஜம், பெரியது அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. குழலின் மேல் துண்டை இழுத்தால் சுருதி இறங்கும், தள்ளினால் ஏறும். இரண்டையும் சேர்க்கும்போது முதலில் 'உவ்உவ்உவ்' என்று ஓர் அலை அடிக்கும். மயிரிழை மயிரிழையாக இழுத்தால் அலை ஆறும், உவ்... உவ்... என்று. பிறகு நின்றுவிடும். நின்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இதைக் கேட்க முடியாதவன் எவ்வளவு வேகமாக விரலை ஆட்டினாலும் பிரயோசனம் இல்லை.

கை அழுத்தத்துக்கு ஒரு வழி இருக்கிறது. மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிந்த குழாயை ஹார்ட்வெயார் கடையில் பத்து அடி வாங்கு. பாதி வரை சாயத் தண்ணீர் விட்டு ஒரு பலகையில் U வடிவில் கட்டி, ஒரு முனையைத் தக்கை வைத்துப் பைக்குள் செருகு. ஊதினால் ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மற்றப் பக்கம் இறங்கும். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 30 அங்குல வித்தியாசம் வரும், நாக்கின் இறுக்கத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும். வாயால் ஊதுவதை விட்டுக் கையால் பையை அமத்துகிற அந்த மாற்றத்தில் தண்ணீர் துள்ளும். துள்ளாமல் நிற்கும்வரை மெட்டு வாசிக்காதே. ஸ்கொட்லாந்தில் பதக்கக்காரர்களும் இதை வைத்துப் பார்ப்பார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெக்கை பற்றி. நல்ல பைப் தன்சானியா, மொசாம்பிக் பக்கத்துக் கறுப்பு மரத்தில் செய்வது, நம் ஆச்சாவை விடப் பாரம். சூட்டை விட, திடீர் மாற்றம்தான் அதற்கு எதிரி. தகரக் கூரைக்குக் கீழேயும் வாகனத்துக்குள்ளும் வைக்காதே. ஸ்கொட்லாந்தில் மூச்சின் ஈரம் சேர்ந்து நாக்கு ஊறிப்போகிறதே என்று அழுவோம். இங்கே சோளகம் தொடங்கினால் நாக்கு காய்ந்து இறுகிச் சத்தமே அடைத்துக்கொள்ளும். வாசித்து முடித்ததும் சீவாளியை மூடி வைப்பது போல மூடி வை.

உங்களிடம் பழக வரலாமா? கட்டணம் என்ன?
– மூன்று கடிதங்களில் இதே கேள்வி

வரலாம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பத்துக்கு முதல் முடித்துவிடுவோம், பிறகு வெயில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வேலை செய்கிறவர்கள் நாக்கு வாங்குகிற செலவில் பங்கு போட வேண்டும். தபாலில் வர மாதக்கணக்கு ஆவதால் முன்கூட்டியே சொல்லுங்கள். நாயனம் பழகுகிற பிள்ளைகள் தங்கள் நாயனத்தையும் கொண்டு வரலாம், சுருதி கேட்கிற வகுப்பு எல்லோருக்கும் பொது. பெற்றோர் மாமரத்தடியில் இருக்கலாம், உள்ளே வரக் கூடாது. கைபேசியில் படம் எடுக்கவும் கூடாது. எடுத்தால் பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் வாசிக்கும்.